நடுவில் கேட்ட குரல் ஏன் பக்கத்து ஸ்பீக்கருக்குப் போகிறது?

கேள்வி: ஸ்டீரியோவில் பாட்டுக் கேட்கும்போது, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நேர் நடுவில் உட்கார்ந்தால் பாடகரின் குரல் நடுவிலிருந்து வருகிறது. ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்தாலே குரல் முழுவதும் இடது ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது. இடது, வலது ஸ்பீக்கர்களின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் பேலன்ஸ் குமிழைத் திருப்பியும் சரியாகவில்லை. இது ஸ்பீக்கரின் பழுதா?

பதில்: பழுது இல்லை. நேர் நடுவில் உட்காரும்போது குரல் ஓரிடத்தில் தெளிவாக நிற்கிறது என்பதே, இரு ஸ்பீக்கர்களும் ஒத்து இயங்குகின்றன என்பதற்கும், கம்பி இணைப்பில் பிளஸ், மைனஸ் இடம் மாறவில்லை என்பதற்கும் போதுமான சான்று. இடம் மாறியிருந்தால் குரல் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாமல் பரவிக் கிடக்கும். தாழ்ந்த சுருதி ஒலிகளும் (பேஸ்) மெலிந்துவிடும்.

நடுவில் நீங்கள் கேட்கும் குரலுக்கு அந்த இடத்தில் ஒலி மூலம் எதுவும் இல்லை. ஒரே குரல் இரு ஸ்பீக்கர்களிலிருந்தும் ஒரே ஒலி அளவில், ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் நம் கேள்விப்புலன் உருவாக்கிக்கொள்ளும் தோற்றம் அது. பக்கவாட்டில் எழும் ஓர் ஒலி, தொலைவில் உள்ள காதை 0.6 முதல் 0.7 மில்லிவினாடி வரை தாமதமாக அடைகிறது. தலை மறைப்பதால் சற்றுக் குறைந்தும் கேட்கிறது. அதிர்வெண் (வினாடிக்கு எத்தனை அதிர்வுகள் என்பது) ஏறத்தாழ 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் நேர வேறுபாட்டையும், அதற்கு மேலே இருந்தால் பெரும்பாலும் ஒலி அளவு வேறுபாட்டையும் கொண்டு மூளை திசையைக் கணிக்கிறது. ஸ்பீக்கரில் கேட்கும்போது ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஸ்பீக்கர்களின் ஒலியும் வருவதால், ஸ்பீக்கர்களுக்கு இடையே வெறும் அளவு வேறுபாட்டை மட்டும் வைத்தாலும், தாழ்ந்த அதிர்வெண்களில் அது காதுகளுக்கு இடையிலான நேர வேறுபாடாக மாறிவிடுகிறது. பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931-இல் விண்ணப்பித்த ஸ்டீரியோ காப்புரிமையின் உயிர்நாடியே இதுதான். இன்றளவும் நான் வியக்கும் நுட்பம் இது.

உங்கள் சிக்கலும் நேரத்தில்தான் இருக்கிறது. ஸ்பீக்கர்கள் 2 மீட்டர் இடைவெளியில் இருக்க, நீங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதாகக் கொள்வோம். 30 சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்ந்தால், இடது ஸ்பீக்கர் சுமார் 1.87 மீட்டரிலும் வலது ஸ்பீக்கர் 2.17 மீட்டரிலும் இருக்கும். ஒலி அளவு வேறுபாடு ஒரு டெசிபெலுக்கு (ஒலி அளவின் அலகு) சற்றே அதிகம். அது பொருட்டே இல்லை. ஆனால் வலது ஸ்பீக்கரின் ஒலி சுமார் 0.9 மில்லிவினாடி பிந்தி வருகிறது. அளவை மட்டும் மாற்றித் தோற்றத்தை ஒரு ஸ்பீக்கரின் ஓரத்துக்கே தள்ள வேண்டுமானால் ஏறத்தாழ 15 டெசிபெல் வேறுபாடு வேண்டும்; நேரத்தால் தள்ளுவதற்கோ ஒரு மில்லிவினாடி போதும். அந்த எல்லையை நீங்கள் ஓர் அடியிலேயே நெருங்கிவிடுகிறீர்கள். அதற்கு மேல் முந்தி வந்த ஒலியே திசையைத் தீர்மானிக்கிறது. எதிரொலி நிறைந்த அறையிலும் பேசுபவர் இருக்கும் பக்கம் நமக்குத் தெரிவது இந்தத் திறனால்தான் என்பதால், இதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை.

பேலன்ஸைத் திருப்பும்போது அளவைக் கொண்டு நேரத்தை ஈடுகட்டப் பார்க்கிறீர்கள். குரலில் வல்லெழுத்துகள் வெடித்து எழும் கணங்கள் முந்திய ஸ்பீக்கரையே காட்டும். நீண்டு ஒலிக்கும் பகுதிகளோ அளவு கூடிய ஸ்பீக்கரின் பக்கம் சாயும். ஆகவே குரல் நடுவுக்குத் திரும்பாமல் அகன்று கலங்கித்தான் கேட்கும்.

ஸ்பீக்கர்களை உட்புறமாக நன்றாகத் திருப்பி, அவை நேராகப் பார்க்கும் திசைக் கோடுகள் உங்களுக்குச் சற்று முன்னாலேயே ஒன்றையொன்று வெட்டுமாறு வையுங்கள். அப்போது இடப்பக்கம் நகர்ந்தால், அருகில் உள்ள இடது ஸ்பீக்கரின் நேர்முகத்திலிருந்து விலகி, தொலைவில் உள்ள வலது ஸ்பீக்கரின் நேர்முகத்துக்கு வருவீர்கள். உயர்ந்த அதிர்வெண்களில் வலப்பக்க ஒலி கூடுவதால் குரல் நகர்வது ஓரளவு தணியும், முற்றிலும் நிற்காது. ஒரு குரலை மோனோவில் (இரு ஸ்பீக்கர்களிலும் ஒரே ஒலியாக) ஓடவிட்டு, நகர்ந்து நகர்ந்து கேட்டுக் கோணத்தை முடிவு செய்யுங்கள். பக்கச் சுவர்கள் இரு ஸ்பீக்கர்களுக்கும் ஒரே தொலைவில் இருப்பதும் நல்லது.

பலர் சேர்ந்து உட்கார்ந்து கேட்பதானால், உறுதியான வழி நடுவில் மூன்றாவது ஸ்பீக்கர் ஒன்றை வைப்பதே. திரையரங்குகளில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர் வழியாக வருவதும் இந்தக் காரணத்தால்தான். அதற்கு நடு ஸ்பீக்கரை இயக்கக்கூடிய ஆம்ப்ளிஃபயரும் தேவைப்படும். தனியாகக் கேட்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. நாற்காலியை நேர் நடுவில் போட்டாலே போதும்.