சிம்ப்சன்ஸ் கார்ட்டூனில் ஊர் முழுக்கச் சர்க்கரையைத் தடை செய்கிறார்களே, நிஜத்தில் ஓர் அரசால் அப்படிச் செய்ய முடியுமா?

நீங்கள் கேட்பது 2002 ஜனவரியில் வந்த 'ஸ்வீட்ஸ் அண்ட் சவர் மார்ஜ்' எபிசோட். உலகிலேயே குண்டான ஊர் என்ற பெயர் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்துவிட, சிம்ப்சன் குடும்பத்து அம்மா மார்ஜ் சர்க்கரைக் கம்பெனி மேல் கேஸ் போடுகிறார். நீதிபதி ஸ்னைடர் ஊருக்குள் சர்க்கரையே கூடாது என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார். போலீஸ் மிட்டாயைக் குவித்துக் கொளுத்தும்போது பட்டர்ஃபிங்கர் சாக்லேட் மட்டும் எரிய மறுக்கும். பல வருடம் அதற்கு விளம்பரம் செய்ததே மார்ஜின் மகன் பார்ட் சிம்ப்சன்தான் என்று தெரிந்தால் அந்தக் காட்சி இன்னும் ருசிக்கும். அப்புறம் மார்ஜின் கணவர் ஹோமர் படகில் சர்க்கரை கடத்தக் கிளம்புகிறார்.

தடை செய்ய முடியும், ஆனால் இப்படி இல்லை. நிஜத்தில் சட்டம் சாப்பிடுகிறவர் வாய்க்குப் பூட்டுப் போடாது, சமைக்கிறவர் அடுப்படிக்குத்தான் வரும். நியூயார்க் நகரச் சுகாதார வாரியம் 2006 டிசம்பரில் ஓட்டல்களில் டிரான்ஸ் கொழுப்பைத் தடை செய்தது. எண்ணெயைக் கெட்டியாக்க அதில் ஓரளவு ஹைட்ரஜன் ஏற்றும்போது உண்டாகிற, இதயத்துக்குக் கெடுதலான கொழுப்பு அது. ஒரு பரிமாறலுக்கு 0.5 கிராமுக்குக் கீழேதான் இருக்கலாம். பொரிக்கும் எண்ணெய்க்கும் ரொட்டியில் தடவும் மார்ஜரினுக்கும் 2007 ஜூலை 1 கெடு. கேக், பிஸ்கட் போன்ற பேக்கரிப் பண்டங்களுக்கும் டோனட் மாதிரி ஈஸ்ட் மாவு பொரிப்பவர்களுக்கும் இன்னொரு வருடம் கொடுத்தார்கள். ஆறின பிறகும் கெட்டியாக நிற்கிற கொழுப்பில் பொரிக்காவிட்டால் டோனட் மேல் எண்ணெய் கசியும், சர்க்கரைப் பூச்சு ஒட்டாது. தோதான மாற்றுக் கொழுப்பு கிடைக்க அவகாசம் வேண்டியிருந்தது.

சோதனையும் சுலபம். ஓட்டலுக்கு எப்படியும் வருகிற சுகாதார ஆய்வாளர், எண்ணெய் டின்னின் லேபிளில் 'பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். நம்மூர் வனஸ்பதியும் இதே சங்கதிதான். இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்புக்கு உச்சவரம்பு 2%. வாடிக்கையாளருக்கு ருசியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, அதனால் கடத்த எவனும் கிளம்பவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டில் பிடுங்கியது நாக்குக்குத் தெரிகிற பொருள். ஹோமர் சும்மா இருப்பாரா?

கார்ட்டூனுக்கு நெருங்கி வந்தது அதே நகரத்தின் கூல்டிரிங்க் விதி. மேயர் புளூம்பெர்க் கொண்டுவந்தது, 2012 செப்டம்பரில் வாரியம் ஏற்றது: 16 அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 470 மில்லிக்கு, மேல் கொள்ளும் கப்பில் இனிப்புப் பானம் விற்கக் கூடாது. ஆனால் அதில் ஓட்டை மேல் ஓட்டை. பாதிக்கு மேல் பால் சேர்ந்த மில்க்‌ஷேக் எவ்வளவு பெரிதானாலும் பரவாயில்லை. இரண்டு கப் வாங்கலாம், காலியானதை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். ஓட்டலுக்குத் தடை, மளிகைக் கடைக்கும் செவன் இலெவன் மாதிரிச் சில்லறைக் கடைக்கும் இல்லை. அவை மாநில அரசின் மேற்பார்வையில் வருபவை. அமலாக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள், 2013 மார்ச் 11 அன்று, இந்த ஓட்டைகளையும் காட்டி நீதிபதி ரத்து செய்துவிட்டார். 2014 ஜூனில் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் 4-2 என்று அதை உறுதி செய்தது. இப்படியொரு முடிவை எடுக்க வேண்டியது மக்கள் தேர்ந்தெடுத்த நகர மன்றம், நியமன வாரியம் இல்லை என்றது தீர்ப்பு.