‘இது டாடியின் பண்டிகை, என்னுடையது இல்லை’

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருச்சியில் பிறந்து வளர்ந்தவள். 2003ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்துக்குச் சென்று, அங்கேயே வேலையும் தேடிக்கொண்டு, 2007இல் உடன் படித்த ஓர் அமெரிக்கரைத் திருமணம் செய்துகொண்டேன். எங்களுக்கு 13 வயதில் ஒரு மகளும் 8 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். இருவரும் கொலம்பஸ் நகரில் பிறந்தவர்கள். கணவரின் பணி காரணமாக 2022 கோடையில் நெதர்லாந்தின் லைடன் நகருக்குக் குடிவந்தோம். மூன்று ஆண்டு என்று சொல்லி வந்தது இப்போது ஐந்தாக நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்பது எங்களுக்கே தெரியவில்லை.

ஓஹாயோவில் இருந்தவரை என் கணவர் பண்டிகைகளைப் பெரிதாக நினைத்தவர் அல்லர். எல்லாவற்றையும் அவருடைய அம்மா பார்த்துக்கொள்வார். இவர் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்தபடி சோபாவில் உறங்கிவிடுவார். இங்கே வந்த பிறகு ஆளே மாறிவிட்டார். அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 அன்று ஜன்னலில் கொடி கட்டுகிறார். இந்த நாட்டில் வாண வெடிகளை நினைத்தபோது வெடிக்க முடியாது என்பதால், கம்பி மத்தாப்பு வாங்கி வைத்துக்கொண்டு, இரவு பத்து மணிக்கு மேல்தான் இருட்டும் அந்தக் கோடையில், தூக்கம் சொக்கும் குழந்தைகளைத் தோட்டத்தில் நிற்க வைக்கிறார். நவம்பர் மாதம் வந்துவிட்டால் அமெரிக்கர்களின் நன்றி நவிலும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் தவிர வேறு பேச்சே இல்லை.

சென்ற ஆண்டு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நவம்பர் 28, வியாழக்கிழமை. இங்கே அது சாதாரண வேலை நாள். குழந்தைகளுக்கு ஒரு நாள் விடுப்பு கேட்டோம். ஐந்து வயதிலிருந்து கட்டாயக் கல்வி என்பதால் மத நெறிப்படியான கடமை போன்ற காரணங்கள் இல்லாமல் தர இயலாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். கணவர் மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு, அமெரிக்கர்களுக்காக ஆண்டுதோறும் பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்தில் நடக்கும் நன்றி வழிபாட்டுக்குத் தனியே போய் வந்தார். கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வாங்கிய ஆறு கிலோ வான்கோழி எங்கள் வாடகை வீட்டின் சிறிய ஓவனுக்குள் நுழையவில்லை. அதன் கால்களை வெட்டியெடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

கொலம்பஸில் மதியம் இரண்டு மணி ஆகும்போது இங்கே இரவு எட்டு. மாமியாரின் விருந்து நேரத்தோடு பொருந்த வேண்டும் என்பதற்காகக் குழந்தைகளை அதுவரை சாப்பிட விடாமல் வைத்திருந்தோம். திரையில் மாமியாரும் மைத்துனர் குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்க, மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் எதற்காக நன்றி சொல்கிறோம் என்று கூற வேண்டும். அது அவர்கள் குடும்ப வழக்கம். மகனின் முறை வந்தது. அவன் மனம் முழுவதும், இங்கே குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் சின்டர்கிளாஸ் தாத்தாவின் குதிரைக்காகக் கேரட் வைத்த தன் ஷூவிலேயே இருந்தது. அவன் டச்சு மொழியில், “இது டாடியின் பண்டிகை, என்னுடையது இல்லை” என்றான். திரையிலிருந்து மாமியார், “என்ன சொன்னான்?” என்று சிரித்தபடி கேட்டார். கணவர் மொழிபெயர்க்கவில்லை. எழுந்து சமையலறைக்குள் போய், விளக்கைப் போடாமல் நெடுநேரம் நின்றிருந்தார். மகள் அழத் தொடங்கினாள்; “நாம் வீட்டுக்குப் போய்விடலாம்” என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்பது கணவரின் விதி. மகன் அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டான். இதோ மறுபடியும் நவம்பர் வருகிறது. மகனைக் கட்டாயப்படுத்தி உட்கார வைப்பதா, பண்டிகையையே விட்டுவிடுவதா, செலவைப் பார்க்காமல் ஓஹாயோவுக்குப் போய்விடுவதா என்று புரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் மாமியார் வீட்டுக்குச் சென்றதே ஒரு தேங்க்ஸ்கிவிங் நாளில்தான். விடுதி முழுவதும் காலியாகிவிட, தனியாக இருந்த என்னை, அப்போது உடன் படித்துக்கொண்டிருந்த என் கணவர் அழைத்துக்கொண்டு போனார். நான் சைவம் என்று கேட்டறிந்து, எனக்கென்று தனியாக ஒரு பாத்திரத்தில் மக்ரோனி சீஸ் செய்து வைத்திருந்தார் அந்த அம்மா. அந்த நாள் எனக்கும் பிரியமானது. அதே ஓஹாயோவில் 19 தீபாவளிகள் பெரும்பாலும் வேலை நாளாகவே வந்து போயின. மாலையில் ஒரு விளக்கு ஏற்றுவேன், அவ்வளவுதான். இதை அவரிடம் சொன்னால் போட்டிக்குச் சொல்வதாக நினைப்பாரோ என்று பேசாமல் இருக்கிறேன்.

இப்படிக்கு,
லைடனிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோது, விளக்கைப் போடாமல் சமையலறையில் நின்ற உங்கள் கணவர்தான் என் மனத்தில் நின்றார். மகன்மீது கோபம் கொண்டவர் அங்கேயே இரண்டு வார்த்தை கடிந்து பேசியிருப்பார். இவர் தாயின் கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் எழுந்து போயிருக்கிறார். அந்த வாக்கியத்தை மொழிபெயர்த்தால், தன் பிள்ளை தன் தாயின் மேசையிலிருந்து விலகிவிட்டான் என்பதைத் தன் வாயாலேயே தாய்க்கு அறிவிக்க நேரும் என்று அஞ்சியிருக்கிறார். ஆகவே முதலில் அவருடைய துயரத்துக்கு ஒரு பெயர் கொடுப்போம்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் பாலின் பாஸ், போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது, ‘தெளிவற்ற இழப்பு’ என்ற கருத்தை முன்வைத்தார். இழந்தது உண்மை, ஆனால் இழவு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, துக்கம் விசாரிக்க வருவார் யாரும் இல்லை. புலம்பெயர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்று அவரே எழுதியிருக்கிறார். உங்கள் கணவரின் தாய் நலமாக இருக்கிறார், வீடு இருக்கிறது, மேசை இருக்கிறது. அந்த மேசையில் இவருடைய நாற்காலி மட்டும் காலியாக இருக்கிறது. அந்த இழப்பு தேங்க்ஸ்கிவிங் அன்று கூடுதலாக வலிப்பதற்கும் காரணம் உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் லைடன் முழுவதும் விளக்கு எரியும், டச்சுக்காரர்களுக்கு 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. ஊரே கூடவே கொண்டாடுகிறது. ஆனால் லிங்கன் 1863இல் அறிவித்து, 1941இல் நாடாளுமன்றம் நவம்பரின் நான்காம் வியாழன் என்று சட்டமாக்கிய அந்த நாள், அமெரிக்கா முழுவதும் சாலையும் விமான நிலையமும் நிரம்பி வழிய, மக்கள் தாய் வீட்டுக்குத் திரும்பும் நாள். அதே வியாழனன்று லைடனில் குப்பை வண்டி வருகிறது, அலுவலகக் கூட்டம் நடக்கிறது. ஓஹாயோவில் சோபாவில் உறங்கிய மனிதர் இங்கே கொடி கட்டுகிறார் என்றால், அங்கே அவர் செய்யாமலே நடந்த ஒன்றை இங்கே தனி ஆளாகத் தோளில் சுமக்கிறார் என்று பொருள்.

இப்போது மகனுக்கு வருகிறேன். அவன் சொன்னது உண்மை. அதை மரியாதைக் குறைவாகக் கொள்ளாதீர்கள். ஐந்து வயதில் வந்தவனுக்கு நினைவில் ஊன்றி நிற்பவையெல்லாம் லைடனைச் சேர்ந்தவை. ஷூவில் கேரட் வைப்பது அவனுக்கு வகுப்பு முழுவதும் பகிர்ந்துகொள்ளும் மகிழ்ச்சி. இரவு எட்டு மணிவரை பசியோடு காத்திருந்து, திரைக்கு முன்னால் நன்றியை ஒப்பிப்பது அவனுக்குத் தேர்வு. பெற்றோரின் நாட்டுக்கும் தான் வளரும் நாட்டுக்கும் இடையில் தனக்கென ஓர் உலகத்தை அமைத்துக்கொள்ளும் இத்தகைய பிள்ளைகளுக்கு ‘மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்’ என்று பெயரிட்டவர் ரூத் ஹில் யூசீம் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர். 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தபோதுதான் இச்சொல் அவருக்குக் கிடைத்தது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் “நீ யார்?” என்று மேசையில் வைத்துக் கேட்டால், அவன் பயந்துபோய் ஏதேனும் ஒரு பக்கத்தைச் சொல்லி முடித்துவிடுவான்.

ஆகவே நன்றி சொல்லும் சுற்றை இந்த ஆண்டு திரைக்கு முன்னால் வைக்காதீர்கள். விரும்புகிறவர் சொல்லட்டும், விரும்பாதவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும். வியாழனை விட்டுவிட்டு அடுத்து வரும் சனிக்கிழமைக்கு விருந்தை மாற்றுங்கள். வெளிநாடுகளில் வாழும் அமெரிக்கர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், அதனால் அந்த நாளுக்குக் குறைவு எதுவும் வந்துவிடாது. வான்கோழியின் நெஞ்சுப் பகுதியை மட்டும் வாங்குங்கள், உங்கள் ஓவனுக்கு அது போதும். முக்கியமாக, மகனுடைய டச்சு நண்பன் ஒருவனையும் அவன் பெற்றோரையும் அழையுங்கள். வந்தவர்கள் “இது என்ன பண்டிகை?” என்று கேட்பார்கள். அப்போது “எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்வோம்” என்று அவன் டச்சிலேயே விளக்குவான். பிறருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் ஒரு வழக்கம் பிள்ளைக்குச் சொந்தமாகிறது என்பதை என்னிடம் வரும் குடும்பங்களில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பாட்டியையும் திரையிலிருந்து கொஞ்சம் இறக்கிக் கொண்டுவர வேண்டும். பிறர் சாப்பிடுவதைப் பார்ப்பது இரு பக்கத்துக்குமே சங்கடம். சேர்ந்து சமைப்பது அப்படியல்ல. சனிக்கிழமை லைடனில் மாலை நான்கு மணி என்றால் கொலம்பஸில் காலை பத்து. கைபேசியை மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, பூசணிக்காய் வைத்துச் சுடும் ‘பம்ப்கின் பை’ என்ற பலகாரத்துக்கு மாவை எவ்வளவு மெல்லியதாகத் தேய்க்க வேண்டும் என்று பேரன் கேட்க, அவர் அங்கிருந்து சொல்லட்டும். மாவு கிழிந்தால் கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம். அந்த அரை மணி நேரத்தில் அவன் தானாக ஆங்கிலம் பேசுவான்.

இதைச் சொல்லும்போதே அந்த மொழி விதியைப் பற்றியும் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்: அதை உங்கள் கணவர் திரும்பப் பெற வேண்டும். தடைசெய்யப்பட்ட மொழி பிள்ளையின் ரகசிய மொழியாகிவிடும். வருத்தமும் கோபமும் அந்த மொழிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். உங்கள் மகன் பேச்சைக் குறைத்திருப்பது அதன் தொடக்கம்.

மகளின் அழுகை வேறு வகை. அவள் பத்து வயதில் தோழிகளை விட்டுவிட்டு வந்தவள்; அவளுக்கு ஓஹாயோ கதை அல்ல, நினைவு. எதற்காக ஏங்குகிறாள் என்று அவளைத் தனியே அழைத்துக் கேளுங்கள். வான்கோழியைச் சொல்லமாட்டாள், சித்தப்பா பிள்ளைகளோடு தரையில் வரிசையாகப் படுத்துக்கொண்டு விடிய விடியப் பேசியதைச் சொல்லக்கூடும். பயணச் செலவைச் செய்வதென்றால் நான்கு நாள் நவம்பருக்குச் செய்யாமல், கோடை விடுமுறையில் சில வாரங்கள் தங்கி வருமாறு செய்யுங்கள்.

உங்கள் கணவர் ஆண்டுதோறும் போகிற பீட்டர்ஸ்கெர்க்கைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். தேங்க்ஸ்கிவிங் கதையின் நாயகர்களான அந்த ஆங்கிலேய யாத்ரீகர்கள் 1609 முதல் 1620 வரை வாழ்ந்தது உங்கள் லைடனில்தான். அவர்களுடைய போதகர் ஜான் ராபின்சன் அந்தத் தேவாலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். கடும் உழைப்பு, போர் அச்சம் எனப் பல காரணங்களால் அவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவற்றுள் ஒன்று, தங்கள் பிள்ளைகள் டச்சுக்காரர்களாக மாறிவிடுவார்களோ என்ற பயம். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில், அவர்களுடைய போதகர் உறங்கும் கூரையின் கீழ், அதே பயத்தோடு உங்கள் கணவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சபையில் பெரும்பாலோர் கப்பலேறாமல் லைடனிலேயே தங்கிவிட்டார்கள் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் டச்சு பேசினார்கள். அதனால் பெற்றோருக்குப் பிள்ளைகள் இல்லாமல் போய்விடவில்லை.

முடிந்தால் மே மாத இறுதியில், அமெரிக்கர்களின் நினைவேந்தல் நாளையொட்டி, மாஸ்ட்ரிக்ட் அருகிலுள்ள மார்க்ராட்டன் அமெரிக்கப் போர்வீரர் கல்லறைக்கு நால்வரும் போய் வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் மாண்ட 8,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அங்கே உறங்குகிறார்கள். ஒவ்வொரு கல்லறையையும் உள்ளூர் மக்கள் தத்தெடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பூ வைத்து வருகிறார்கள். டச்சு பேசும் ஒரு சிறுவன் ஓர் அமெரிக்கப் பெயருக்கு முன்னால் பூ வைப்பதை உங்கள் கணவர் அருகில் நின்று பார்க்க வேண்டும்.

கடைசியாக உங்களைப் பற்றி. கடிதத்தின் முடிவில் 19 தீபாவளிகளை இரண்டே வரிகளில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். நான் அங்கே நின்றுவிட்டேன். பண்டிகை நாளில் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்து ஒற்றை விளக்கு ஏற்றுவது எப்படியிருக்கும் என்பது அந்த வீட்டில் உங்களுக்கு மட்டுமே தெரியும். தோட்டத்தில் கம்பி மத்தாப்பைப் பிடித்து நின்ற ஜூலை இரவில் உங்கள் நினைவு எங்கே போயிருக்கும் என்று எனக்கும் தெரியும். அதை அவரிடம் சொல்லுங்கள். சண்டை நடுவில் வேண்டாம், நவம்பர் வரும் முன் ஒரு நிதானமான மாலையில், “நீங்கள் இப்போது படுவதை நான் கொலம்பஸில் பட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்” என்று தொடங்குங்கள். அவருக்கு அது போட்டியாகத் தோன்றாது, துணையாகத் தோன்றும். அதோடு நிறுத்திவிடாமல், இந்த ஆண்டு தீபாவளிக்கு அவரை விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இத்தனைக்குப் பிறகும் அவர் உறக்கம் கெட்டு, பேச்சற்று, தனிமையில் ஒடுங்குவது தொடருமானால், உங்கள் குடும்ப மருத்துவரிடம் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். அங்கே உளவியல் உதவி பெரும்பாலும் அவர் பரிந்துரை வழியாகவே கிடைக்கும். அதற்கு முன் இந்த வாரமே மாமியாரைத் தொலைபேசியில் அழைத்து, பம்ப்கின் பைக்கான மாவின் அளவையும் பக்குவத்தையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மக்ரோனி சீஸையும் கேளுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்