நாலு மணி நேரப் பயணம் என்று நினைக்காதீர்கள் அம்மா

கேள்வி: வயது 63. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். 15 வருஷமாக இனிப்பு நீர், மெட்ஃபார்மின் மாத்திரையும் ராத்திரி 10 மணிக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினும் எடுக்கிறேன். இரண்டு காலிலும் நரம்பு புடைத்திருக்கிறது. தம்பி மகள் கல்யாணத்துக்குச் சென்னை போகிறோம், ஒரு வாரம் இருப்போம். நாலு மணி நேரம்தானே, ஒன்றும் ஆகாது என்கிறார் மருமகன். கழிவறைக்கு அலையாமல் இருக்கத் தண்ணீர் குடிக்காமல் போகலாமா டாக்டர்?

பதில்: தண்ணீர் குடிக்காமல் மட்டும் போகாதீர்கள் அம்மா. விமானத்துக்குள் காற்று ரொம்ப வறண்டிருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருங்கள். கழிவறைக்கு நாலு தடவை எழுந்து நடந்தால் அது காலுக்கு நல்லதுதான்.

மருமகன் சொல்வது விமானக் கணக்கு. கோலாலம்பூரிலிருந்து சென்னை சுமார் 2,600 கிலோமீட்டர், ஏறக்குறைய 4 மணி நேரம், சரி. ஆனால் உங்கள் கால் வீட்டு வாசலில் காரில் ஏறும்போதே மடங்கிவிடுகிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து விமான நிலையத்துக்குக் காரில் மூன்றரை மணி நேரமாவது ஆகும், அங்கே மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்க் காத்திருக்க வேண்டும், அப்புறம் விமானம், அப்புறம் சென்னையில் குடிநுழைவு வரிசையும் வீட்டுக்குப் போகும் காரும் என்று கூட்டிப் பாருங்கள், 12 மணி நேரத்தைத் தொடும். காரோ பஸ்ஸோ விமானமோ, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் சதைக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. பயப்படாதீர்கள், அப்படி உறைவது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனால் வயதும் புடைத்த நரம்பும் உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அதனால் தாப்பா ஓய்விடத்தில் காரை நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிடம் நடங்கள். விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள், உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். முழங்கால் வரை வரும் அழுத்தக் காலுறை உதவும். ஆனால் இனிப்பு நீர்க்காரர்களுக்குப் பாதத்தில் ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும், கடையில் நீங்களாக வாங்கிவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று ஆஸ்பிரினும் போடாதீர்கள்.

இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சரக்கில் போகும் பெட்டியில் குளிரில் உறைந்துபோனால் அது வேலை செய்யாது. கிளினிக்கில் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். சென்னை நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், காலை 10 மணிக்குக் கிளம்பினால் அங்கே 11.30-க்கே இறங்கிவிடுவீர்கள், உங்கள் உடம்புக்கோ அது மதியம் 2 மணி. அதனால் விமானத்தில் சாப்பிடாமல் இருக்காதீர்கள், ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கினால் வாயில் போடக் கையில் நாலு மிட்டாயும் இருக்கட்டும். ஊசியை அங்கே இரவு 7.30-க்குப் போட்டால் நம்மூர் 10 மணிக் கணக்கு மாறாது.

போய்ச் சேர்ந்த பிறகும் சில வாரங்களுக்குக் காலைப் பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காலை வரை பொறுக்கக் கூடாது, கல்யாண வீடாக இருந்தாலும் சரி, சென்னையில் 108, இங்கே 999. காலுறைக்கு அளவெடுக்க நேரம் வேண்டும், இந்த வாரமே கிளினிக்குக்குப் போய்விடுங்கள் அம்மா.