ஒசாகாவில் இரண்டு நாள்: கடைப் பட்டியல் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

ஏப்ரலில் நானும் மனைவியும் இரண்டு நாள் ஒசாகாவில் இருப்போம். நம்பாவில் அறை. இணையத்தில் தேடி 18 கடைகளைக் குறித்து வைத்திருக்கிறேன், பெரும்பாலும் தோத்தோன்போரி உணவுத் தெருவில். மனைவி முட்டை சாப்பிடுவார். மீன், இறைச்சி இல்லை. இந்தப் பட்டியல் சரிப்பட்டு வருமா?

கி.

அன்புள்ள கி.,

சரிப்பட்டு வராது. பாதிப் பொழுது வரிசையில் போய்விடும், மீதிப் பாதியில் பசி இருக்காது. கடைகளை விட்டுவிட்டு வட்டாரங்களைப் பிடியுங்கள். உங்கள் அறைக்குப் பக்கத்திலுள்ள நிப்பொம்பாஷி நிலையத்தை மையமாக வையுங்கள். அங்கே செல்லும் சக்காய்சுஜி மெட்ரோவில் வடக்கே போனால் தென்ஜின்பாஷிசுஜி, தெற்கே போனால் ஷின்செகாய். அதே நிலையத்தில் சென்னிச்சிமாயே வழித்தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் சுருஹாஷி.

முதலில் உங்கள் மனைவியின் சாப்பாடு. அங்கே சிக்கல் தட்டில் தெரியும் மீனால் அல்ல, கண்ணுக்குத் தெரியாத 'தாஷி' என்னும் அடிச்சாறால். எடோ காலத்தில் (1603–1868) வடக்குத் தீவான ஹொக்காய்தோவிலிருந்து கொம்பு என்னும் கடற்பாசியை ஏற்றிவந்த கப்பல்கள் ஒசாகாவில் சரக்கை இறக்கின. அதனால் இந்த ஊர்ச் சாறுக்கு அடிப்படை கொம்பு. ஆனால் அதோடு காத்சுவோபுஷியும் சேரும். சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டையாகக் காயவைத்தது அது. நம் மாசிக்கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. உதோன் என்னும் தடித்த கோதுமை நூடுல்ஸின் சாறு, முட்டைச் சுருள், முட்டைக்கோஸ் கலந்து கல்லில் வார்க்கும் ஒகொனொமியாகியின் மாவு எல்லாவற்றிலும் இது இருக்கும். மேலே தூவும் மீன்சீவலை வேண்டாமென்றால் விட்டுவிடுவார்கள். மாவிலும் சாறிலும் முன்பே கலந்ததை எடுக்க முடியாது. அந்தச் சாறு வரை சம்மதமா என்பதை ஊரிலேயே பேசி முடிவுசெய்து வாருங்கள். கூடாது என்றால் வெள்ளரி வைத்த சோற்றுச் சுருளான கப்பாமாகி, உமேபோஷி என்னும் புளிப்புப் பழ ஊறுகாய் வைத்த சுருள், எதமாமே என்னும் பச்சை சோயாக் காய், மீன்சீவல் இல்லாத குளிர்ந்த தோஃபு ஆகியவை கைகொடுக்கும். வேண்டாதவற்றை ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.

சாறு சம்மதமானால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கித்சுனே உதோன் கட்டாயம். இனிப்பாக வேகவைத்த பொரித்த தோஃபு மேலே மிதக்கும். சாறு வெளிறியிருப்பதால் உப்புக் குறைவென்று எண்ண வேண்டாம்; இங்கே ஊற்றும் வெளிர்நிற சோயா, கறுத்த சோயாவைவிட உப்பு கூடியது.

ஒகொனொமியாகியில் ஒசாகா வகை எல்லாவற்றையும் கலந்து வார்ப்பது. ஹிரோஷிமாவில் அடுக்கடுக்காக வைப்பார்கள். மேசையிலேயே கல் இருக்கும், சில கடைகளில் நீங்களே வார்க்க வேண்டும். ஒருவருக்குச் சுமார் 150 கிராம் முட்டைக்கோஸ், 50 கிராம் மாவு, ஒரு முட்டை. மாவு வெறும் ஒட்டுக்குத்தான், காய்தான் பண்டம். கிண்ணம் வந்ததும் அடியிலிருந்து பத்துப் பதினைந்து முறை தூக்கிக் கலந்து உடனே கல்லில் இடுங்கள். அதிகம் கலக்கினால் மாவு இழுவை பிடித்து ரப்பராகும். கலந்து காக்கவைத்தால் கோஸ் நீர்விடும். இரண்டு செண்டிமீட்டர் கனம், ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடம். திருப்பியபின் கரண்டியால் அழுத்தவே கூடாது. எல்லோரும் செய்யும் தவறு இதுதான்: உள்ளே இருக்கும் ஆவி வெளியேறி, பஞ்சாக வரவேண்டியது அடையாகிவிடும்.

முதல் நாள் காலை பதினொரு மணிக்குத் தென்ஜின்பாஷிசுஜி 6-சோமே நிலையத்தில் இறங்குங்கள். அதற்கு முன் போனால் பல கடைகள் மூடியிருக்கும். 2.6 கிலோமீட்டர் நீளும் கடைத்தெரு அது. வடக்கிலிருந்து தெற்கே நடந்தால் தென்மாங்கு கோயிலருகே முடிந்து, மினாமி-மோரிமாச்சியில் ரயில் ஏறலாம். உள்ளூர்க்காரர்கள் பல்பொடியும் செருப்பும் வாங்கும் தெரு என்பதால் சாப்பாட்டு விலையும் அவர்களுக்கு ஏற்றபடி இருக்கும். நிப்பொம்பாஷிக்குப் பக்கத்திலுள்ள குரோமோன் சந்தையில் இப்போது அப்படி இல்லை. அங்கே பார்த்துவிட்டு வாருங்கள், சாப்பிட வேண்டாம்.

சுருஹாஷி கொரிய வம்சாவளியினர் வாழும் பகுதி. 1920களில் ஜேஜு தீவிலிருந்து கப்பலில் வந்தவர்களின் சந்ததி பலர். நிலையத்தை ஒட்டிய சந்துகளில் இறைச்சி சுடும் புகை. அது உங்களுக்கு மட்டும். கிம்சி என்னும் கொரியக் காய் ஊறுகாயிலும் பெரும்பாலும் மீனோ இறாலோ ஊறியிருக்கும், மனைவிக்கு ஆகாது.

ஷின்செகாயில் குஷிகாத்சு: இறைச்சியையோ காயையோ குச்சியில் குத்தி, மாவில் தோய்த்துப் பொரித்தது. பொதுச் சட்டியில் சாஸ் வைத்திருந்தால் குச்சியை ஒருமுறைதான் தோய்க்கலாம். கடித்தபின் மறுபடி கூடாது. போதவில்லையென்றால் இலவச முட்டைக்கோஸ் இலையால் அள்ளி ஊற்றுங்கள். காய்கறிக் குச்சி என்று மனைவிக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்: பல கடைகளில் எண்ணெயோடு மாட்டுக் கொழுப்பும் சேரும்.

தோத்தோன்போரிக்கு இரவு ஒன்பதுக்குமேல் விளக்குகளுக்காகப் போங்கள். பின்பக்கம் ஹோசென்ஜி சந்தில் பாசி மூடிய ஃபுதோ என்னும் பௌத்தத் தெய்வச் சிலைக்கு மக்கள் தண்ணீர் ஊற்றுவதைப் பாருங்கள். இரவுக் கடைகளில் நீங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வந்தால், அது 'ஒதோஷி', இருக்கைக்கான கட்டணம். பில்லில் சில நூறு யென் ஏறும்.

தாகோயாகி என்னும் ஆக்டோபஸ் உருண்டை சுடும் குழிக்கல் வாங்க, சமையல் பாத்திரக் கடைகளுள்ள தோகுயாசுஜி தெருவுக்குப் போவீர்களானால், மின்சாரக் கல் வேண்டாம். அங்கே 100 வோல்ட், நம் ஊரில் 230. அடுப்பில் வைக்கும் வார்ப்பிரும்பையே வாங்குங்கள். அதன் பலகை முழுக்க மாவை ஊற்றி, குழிக்கு வெளியே வழிந்ததையும் உள்ளே சுருட்டித்தான் உருண்டை பிடிக்கிறார்கள். அதனால் குழிகளுக்கு இடையே தட்டையான பரப்பு இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.