மாடியில் செல்போன் டவர்: வேலூர் வட்டார வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டவருக்கு எங்கள் நிலம் தேர்வானதாம். ஆட்சேபணை இல்லாச் சான்றுக்கு 15,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கடிதத்தில் அரசு முத்திரை இருக்கிறது. (குடியாத்தம்)

மோசடி. தொலைத்தொடர்புத் துறையோ, ஒழுங்குமுறை ஆணையமான டிராயோ இதற்குப் பணம் வாங்குவதில்லை, சான்றும் தருவதில்லை. கட்டியிருந்தால் இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

1985-ல் கட்டிய வீடு. டவர் தாங்குமா? (காட்பாடி)

தூண் வைத்த வீடா, சுவர் தாங்கும் வீடா? அதை எழுதாமல் வருடத்தை மட்டும் எழுதினால் என்ன சொல்வது? சுவர் தாங்கும் வீடென்றால் வேண்டாம். தூண் இருந்தால், டவரின் பாரம் பீம் வழியாகத் தூண்களில் இறங்க வேண்டும். வெறும் தளத்தில் போல்ட் துளைத்தால் மேலே பதித்த ஓடு விரிசல் விட்டு, நீர் இறங்கி, சில மழைக்காலத்திலேயே கம்பி துருப்பிடிக்கும். எடையைவிடப் புயல் காற்றின் சாய்ப்பு விசைதான் பெரிய கவலை. கட்டட உறுதிச் சான்றின் நகல் கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பக்கத்து மாடி டவரால் புற்றுநோய் வரும் என்று திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் தெருவே மனு கொடுத்தோம். பலனில்லை. (சத்துவாச்சாரி)

இந்த ஒற்றை வரியை நம்பித்தான் தெருத்தெருவாகத் தோற்கிறார்கள். கதிர்வீச்சு வரம்பு மாநகராட்சியின் கையில் இல்லை. அதை வகுப்பது தொலைத்தொடர்புத் துறை. 2012 செப்டம்பரில் அந்த வரம்பு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது: 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். சந்தேகமா? அந்தத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் சுமார் 4,000 ரூபாய் கட்டி, உங்கள் இடத்திலேயே அளக்கச் சொல்லுங்கள். தெருவே பகிர்ந்தால் ஆளுக்கு நூறோ இருநூறோதான். அளந்த கணக்கு இல்லாத மனு மேசை மேசையாகச் சுற்றும்.

உள்ளூரில் பிடிக்கக்கூடியவற்றை விட்டுவிடுகிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம். ஜெனரேட்டர் சத்தம்: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. மீறினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள். புகைக்குழாய்: ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்குங்கள், கட்டட உயரத்துக்கு மேல் அத்தனை மீட்டர் எழ வேண்டும். 25 கேவிஏ என்றால் 1 மீட்டர். கட்டட உறுதிச் சான்று: தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியிடம் நகல் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மனு. ஒப்புகை எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

டவரையும் சேர்த்துச் சொத்து வரி கேட்கிறார்கள். (இராணிப்பேட்டை)

டவருக்கு வரி போடலாம் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2023 தொலைத்தொடர்புச் சட்டம், சொத்து வரிக்குக் கூட டவர் போன்ற அமைப்பு கட்டடத்தின் பகுதி ஆகாது என்கிறது. அதைச் சுட்டி ஆணையருக்கு ஆட்சேபம் எழுதுங்கள்; வாய்ப்பேச்சு உதவாது, ஒப்புகை வாங்குங்கள். வாடகைக்கு வருமான வரி தனி.

கோட்டைக்கு எதிரே கடை மாடியில் வைக்கலாமா? (வேலூர்)

கோட்டைக்குத் தொல்லியல் துறை வகுத்த பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு முன் அனுமதி வேண்டும். கோட்டைச் சுவரிலிருந்து அளக்காதீர்கள்.

20 வருட ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டுமா? (ஆற்காடு)

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் கட்டாயம். விலகும் உரிமை நிறுவனத்துக்கு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை நாளில் டவரைக் கழற்றுவார்கள், தளத்தை யார் செலவில் சரிசெய்வது என்பதையும் பதிவுக்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.