சொந்தக் கடலைக்குப் பதிவு வேண்டாம், எண்ணெய்க்கு வேண்டும்

வயலில் விளைந்த நிலக்கடலையை அப்படியே விற்க நீங்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் (FSSAI) எந்தப் பதிவும் எடுக்க வேண்டாம். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவே விவசாயியையும் அவர் பண்ணை விளைபொருளையும் விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் அதே கடலையைச் செக்கில் ஆட்டி பாட்டிலில் அடைத்துக் கடைக்குக் கொடுக்கும்போது நீங்கள் உணவு வணிகர், பதிவு கட்டாயம்.

உங்கள் எண்ணெயை வாங்கும் கடைக்காரர் திடீரென்று அந்தப் பதிவின் 14 இலக்க எண்ணைக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் அவருடைய உரிமமாகத்தான் இருக்கும். பதிவோ உரிமமோ உள்ளவரிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்பது அதிலுள்ள நிபந்தனை. உங்கள்மேல் சந்தேகம் என்று நினைத்து மனம் வருந்தாதீர்கள்.

முதலில் செக்குக்காரரிடம் அவருடைய எண் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் உங்கள் பெயரில் அடைத்து விற்றால் உங்களுக்குத் தனிப் பதிவு வேண்டும். அப்புறம் அந்த ஆணையத்தின் இணையப் பதிவுத் தளமான ஃபாஸ்காஸில் (FoSCoS) சிறு உற்பத்தியாளராக விண்ணப்பியுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்பதை உள்ளபடியே போடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்பதற்குத் தடை இருக்கிறது, பதிவு எடுத்தாலும் அது மாறாது. ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த கடலையைத் தயவுசெய்து ஆட்டாதீர்கள், அஃப்ளாடாக்சின் நஞ்சு செக்கெண்ணெயிலும் இறங்கும்.