வீட்டிலேயே மோதிர அளவு எடுப்பது எப்படி?

கடைக்குப் போகாமல் விரல் அளவை வீட்டிலேயே சரியாக எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் நூலை நம்பாதீர்கள். இழுத்தால் நீளும், ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலே பொருத்தம் மாறிவிடும். அரை சென்டிமீட்டர் அகலத்தில் காகிதப் பட்டை வெட்டி, விரலின் அடியில் சுற்றி, முனை சேரும் இடத்தில் கோடு போட்டு, அளவுகோலில் வைத்துப் பாருங்கள். சுற்றளவு 54 மி.மீ. என்றால், அதை 3.14ஆல் வகுக்க, உள்விட்டம் ஏறக்குறைய 17.2 மி.மீ.

பலர் கோட்டைவிடுவது விரல் மூட்டில்தான். மூட்டு தடித்திருந்தால் அதையும் அளந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைத் தேர்ந்தெடுங்கள். மூட்டைத் தாண்டாத மோதிரம் எவ்வளவு அழகாக இருந்தும் என்ன பயன்! குளிரில் விரல் சுருங்கும், வெப்பத்தில் வீங்கும். ஆகவே கை இயல்பான சூட்டில் இருக்கும்போது, வெவ்வேறு நேரங்களில் அளப்பது நல்லது. அணியப்போகும் விரலையே அளக்க வேண்டும். இரு கை விரல்களும் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பட்டையான மோதிரம் என்றால் சற்றுப் பெரிதாக வாங்குங்கள், அது கூடுதலாக இறுக்கும்.

வளையலுக்கு மணிக்கட்டை அளந்து பயனில்லை. கட்டைவிரலைச் சுண்டுவிரல் பக்கம் மடக்கி, உள்ளங்கையின் மிக அகலமான இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். கொக்கி வைத்த கைச்சங்கிலிக்கு மட்டும் மணிக்கட்டுச் சுற்றளவுடன் ஒன்றரை சென்டிமீட்டர் சேர்த்தால் போதும்.